நீலப் பெண்ணும் மண்ணிறப் பெண்ணும்

என்னுடைய இருபத்து மூன்றாவது வயதின் பெரும்பகுதியை நான் செட்டிபாளையத்தில் ஒரு குட்டையின் கரையில் குந்தியிருந்து, பூச்சிகள் புணர்வதைப் பார்த்துக் கழித்தேன். பார்த்ததை எழுத மூன்று கொப்பிகள் வைத்திருந்தேன். எழுதியதைப் பிழை என்று சொல்ல ஒரு கலாநிதி இருந்தார்.

இது நானாகத் தேடிய வேலை அல்ல. விலங்கியல் இறுதி வருடத்தில் ஆளுக்கொரு ஆய்வு செய்ய வேண்டும். வாவியின் இறாலும் நண்டும் பையன்களுக்குப் போயின. ஏனென்றால் வாவிக்குத் தோணியில் போக வேண்டும், தோணியில் ஒரு பெண் பிள்ளை ஏறினால் யார் பொறுப்பு என்று என் மேற்பார்வையாளரான அந்தக் கலாநிதி கேட்டார். யானையும் பையன்களுக்கே போனது. யானைக்கும் எனக்கும் இடையில் என்ன நடந்துவிடும் என்று அவர் பயந்தாரோ தெரியாது. கடைசியில் பட்டியலில் மிஞ்சியது ஊசித்தும்பி. கரையில் நின்றே பார்க்கலாம், கடிக்காது, பெண் பிள்ளைக்கு ஏற்ற பிராணி என்று அதை எனக்குத் தந்தார். அவர் மீன் வயிற்றுப் புழுக்களில் வெளிநாட்டில் பட்டம் எடுத்தவர். அதற்குப் பிறகு தண்ணீர்ப் பக்கம் போனதில்லை.

ஊசித்தும்பி என்பது தும்பியின் மெலிந்த உறவு. உடம்பு ஈர்க்கில் போல இருக்கும், உட்காரும்போது சிறகை முதுகில் மடித்துக்கொள்ளும். எங்கள் பக்கத்துக் குட்டைகளில் நிறைய இருக்கும் ஒரு வகையில் ஆணின் நெஞ்சு பச்சை, வால் நுனியில் பளிச்சென்று ஒரு நீலம். பெண் மண்ணிறம். என்னிடம் இருந்த பழைய புத்தகம் அவ்வளவுதான் சொன்னது. நானும் அதை நம்பித்தான் போனேன்.

செட்டிபாளையத்தில் என் மாமி இருந்தார், அப்பாவின் தங்கை. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு வளவில் தனியாக இருந்து கீரையும் கத்தரியும் போட்டு விற்றார். அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் அள்ளும் குட்டைதான் என் ஆய்வுகூடம். நான் செங்கலடியில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போய் வாரத்தில் மூன்று நாள் அவருடன் தங்குவேன். முதல் நாள் நான் என்ன பார்க்கிறேன் என்று விளக்கியபோது மாமி வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார்.

"இதப் பாக்கவாகா இவ்வளவு காலம் படிச்ச நீ?"

பிறகு அவரும் பார்க்கத் தொடங்கினார். என்னைவிட அவருக்குக் கண் கூர்மை.

மூன்றாவது கிழமை ஒரு சோடியைக் கண்டேன். ஊசித்தும்பிகள் இணையும்போது ஆண் தன் வால் நுனியால் பெண்ணின் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். பெண் தன் உடம்பை வளைத்து அவனோடு சேர்க்கும். இரண்டும் ஒரு வளையம் போலப் புல்லில் தொங்கும், மணிக்கணக்காக. நான் கண்ட வளையத்தில் இரண்டுக்கும் பச்சை நெஞ்சு, இரண்டுக்கும் நீல நுனி. அடுத்த நாளும் அப்படி இரண்டு சோடி. படம் வரைந்து, ‘ஆணும் ஆணும்?’ என்று கேள்விக்குறி போட்டு எழுதிக் கொண்டுபோனேன்.

மேற்பார்வையாளர் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்தார். பிறகு சிவப்பு மையால் ‘அவதானிப்புப் பிழை’ என்று குறுக்கே எழுதினார். "ஒரு பெண் பிள்ளை எழுதுற விசயமே இது? போய் வடிவாப் பாரும்," என்றார். பூச்சியைப் பற்றி அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

வடிவாகத்தான் பார்த்தேன். இரண்டு நாள் கழித்து, நீல நுனிக்காரர் ஒருவர் தனியாக வந்து ஒரு தண்ணீர்ச் செடியின் தண்டில் இருந்து, வாலை வளைத்துக் குத்திக் குத்தி எடுத்தார். மாமிதான் முதலில் கண்டார்.

"இஞ்ச வா புள்ள. உன்ட ஆம்புள முட்ட போடுறார்."

நான் வலையால் பிடித்துக் உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். ஆணுக்கு வயிற்றின் தொடக்கத்தில் இருக்க வேண்டிய புடைப்பு இல்லை. வால் நுனி பெண்ணுடையதுபோலத் தடித்திருந்தது. அது பெண், ஆணின் நிறத்தில் பிறந்த பெண். ஆக இந்தக் குட்டையில் பெண்களில் இரண்டு வகை: மண்ணிறக்காரி, நீலக்காரி. புத்தகம் ஒருத்தியைத்தான் சொன்னது, கலாநிதி அவளையும் பார்த்ததில்லை.

ஏன் இரண்டு நிறம் என்பதைக் கண்டுபிடிக்க அதிகம் யோசிக்கத் தேவையிருக்கவில்லை, ஆண்களைப் பார்த்தால் போதும். மண்ணிறக்காரி ஒருத்தி இலையில் வந்து இருந்தால் ஒருவன் பாய்வான். அவள் உதறிவிட்டு அடுத்த இலைக்குப் போனால் அங்கே இன்னொருவன். சாப்பிடவும் விடமாட்டார்கள், முட்டை போடவும் விடமாட்டார்கள். ஒரு தடவை இணைந்தாலே அவளுக்கு வேண்டிய முட்டைக்கெல்லாம் போதும், ஆனால் அவர்களுக்கு அது போதாது. நீலக்காரி பக்கத்திலேயே சிறகை மடித்துக்கொண்டு நுளம்பு தின்பாள். அவளையும் ஆண் என்று நினைத்துப் பெரும்பாலானோர் தாண்டிப் போவார்கள்.

மாமி சிரித்துக்கொண்டே பார்த்தார். ஆனால் அடுத்த நாள் காலையில் தண்ணீர் அள்ளும்போது அவர் கேட்டதை என் கலாநிதி ஒருநாளும் கேட்கவில்லை.

"அப்பிடியெண்டா எல்லாப் பொம்புளையும் நீலமாப் பொறந்தா நல்லந்தானே? ஏன் இந்த மண்ணிறம் இன்னும் கிடக்கு?"

அதற்குப் பதில் காண, நீலக்காரிகள் அதிகமாக இருக்கும் இடம் ஒன்றைத் தேடினேன். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு வயல் வாய்க்காலில் அது கிடைத்தது. அங்கே போவதென்றால் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் வாவியைக் கடக்க வேண்டும். இந்தக் கரையில் ஆமியின் சோதனைச்சாவடி. அந்தக் கரையில் இயக்கத்தின் சோதனைச்சாவடி. சமாதானக் காலம் என்பதால் இரண்டு பக்கமும் மரியாதையாகச் சந்தேகப்பட்டார்கள். ஆமிக்காரன் என் போத்தல்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, செத்த பூச்சி எதற்கு என்று கேட்டான். அந்தக் கரையில் துவக்கோடு நின்றவன், உயிரோடு இருக்கும் பூச்சி எதற்கு என்று கேட்டான். இருவரும் பதிவுப் புத்தகத்தில் ‘பூச்சி’ என்றே எழுதினார்கள். அவர்கள் ஒத்துப்போனதாக நான் கண்ட ஒரே விடயம் அது.

அந்தக்கரைக்காரன் அடுத்த முறை மடக்கி, உண்மையில் என்ன ஆராய்கிறேன் என்று அதட்டிக் கேட்டான். நான் உண்மையைச் சொன்னேன், கழுத்தைப் பிடிப்பது, வளையம், மணிக்கணக்கு எல்லாவற்றையும். அவனுக்குப் பத்தொன்பது வயது இருக்கலாம். காது சிவந்து, போங்க அக்கா என்றான். அதற்குப் பிறகு என் பையை அவன் திறக்கவே இல்லை.

வாய்க்காலில் நான் செய்த பரிசோதனை எளிது. ஈர்க்கில் நுனியில் பசை தடவி, ஒன்றில் மண்ணிறக்காரியையும் ஒன்றில் நீலக்காரியையும் உட்கார வைத்து, எதன்மீது எத்தனை ஆண்கள் பாய்கிறார்கள் என்று எண்ணினேன். மாமியின் குட்டையில் மண்ணிறக்காரிமீது பாய்ந்தார்கள். படுவான்கரை வாய்க்காலில், அதே இனத்து ஆண்கள், நீலக்காரிமீது பாய்ந்தார்கள். மண்ணிறக்காரியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அதாவது, பெண் எப்படி இருப்பாள் என்று ஆணுக்குப் பிறக்கும்போதே தெரியாது. தன் ஊரில் அதிகமாகக் கண்ட நிறத்தையே பெண் என்று பழகிக்கொள்கிறான். எந்த நிறம் அதிகமோ அந்த நிறத்துக்காரிக்குத் தொல்லை. குறைவான நிறத்துக்காரி நிம்மதியாகத் தின்று, நிம்மதியாக முட்டையிடுவாள். அவள் மகள்களும் அந்த நிறத்தில் பெருகுவார்கள். பெருகியதும் ஆண்கள் கண் அவர்கள் பக்கம் திரும்பும், மற்றவளுக்கு மூச்சு வரும். அதனால்தான் இரண்டு நிறமும் அழியாமல் கிடக்கின்றன. ஆண்களின் அவசரமும் அரைகுறைப் படிப்புமே அவற்றைக் காக்கின்றன. மாமிக்குச் சொன்னேன். "அப்ப ஆருக்கும் முழு நிம்மதி இல்ல," என்றார்.

அந்த மார்கழியில் எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. கொழும்பில் கணக்காளராக இருந்த மாப்பிள்ளை, தாயோடும் தரகரோடும் செங்கலடிக்கு வந்தார். நான் பலகாரத் தட்டை வைத்ததும், பிள்ளை என்ன ஆராய்ச்சி செய்கிறது என்று தாய் கேட்டார். அம்மா பொதுவாகப் பூச்சி என்று முடிக்கப் பார்த்தார். அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளைக்கு உண்மையான ஆர்வம் வந்துவிட்டது. கேட்கக் கேட்கச் சொன்னேன்.

"அது ஏன் பொம்புள ஆம்புள வேசம் போடணும்?" என்று கேட்டார்.

"ஆம்புளைகள்ற தொல்ல தாங்க ஏலாமத்தான்," என்றேன்.

கேலியாகச் சொல்லவில்லை, அது என் இரண்டாம் அத்தியாயத்தின் முடிவு. ஆனால் மாப்பிள்ளையின் தாய் கையிலிருந்த முறுக்கைத் தட்டில் திருப்பி வைத்தார். இரண்டு நாளில் தரகர் வந்து, மாப்பிள்ளை வீட்டுக்கு எல்லாம் பிடித்திருக்கிறது, பிள்ளையின் நிறம்தான் கொஞ்சம் காணாது என்று சொன்னார். அம்மா ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் செட்டிபாளையத்தில் இல்லாமல், அம்மாவைச் சமாதானப்படுத்த வீட்டில் இருந்தேன்.

காலையில் கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று சந்தியில் சொன்னார்கள். அப்படியொன்றை யாரும் கேள்விப்பட்டதில்லை, நாங்களும் நம்பவில்லை. பிறகு நம்பினோம். அப்பாவும் நானும் மூன்றாம் நாள்தான் மாமியைக் கண்டுபிடித்தோம், ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில். கீரைப் பாத்தியில் நின்றவரைத் தண்ணீர் தூக்கி, றோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் வாவியில் போட்டிருந்தது. யாருடைய வீட்டுக் கதவோ ஒன்று கையில் அகப்பட்டது. தோணிக்காரர் ஒருவர் அவரைத் தலைமயிரில் பிடித்து இழுத்து ஏற்றினார். பக்கத்து வளவுப் பெண்ணும் அவளுடைய இரண்டு மகள்களும் கிடைக்கவில்லை. மாமி என்னைக் கண்டதும் சொன்னது இதுதான்:

"உன்ட கொப்பி மூணும் போயிற்று மகள். றாக்கைத் தட்டுக்கு மேலதான் வெச்ச நான்."

பல்கலைக்கழக வளாகம் மறுபடி திறந்தபோது, மூலக் குறிப்புகள் இல்லாமல் ஆய்வை ஏற்க முடியாது என்றார் மேற்பார்வையாளர். கொப்பிகள் கடலில் போனதற்குக் கிராம சேவகரின் உறுதிக் கடிதம் வேண்டும் என்றார். போனேன். கிராம சேவகரின் அலுவலகம் இருந்த இடத்தில் சீமெந்துத் தரை மட்டும் இருந்தது. அவர் அகதி முகாம் வாசலில் ஒரு மரத்துக்குக் கீழே இருந்து, யாரோ கொடுத்த பேனையால், இறந்தவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். என் கோரிக்கையைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவருக்கு இல்லை. ‘மேற்படி மூன்று கொப்பிகளும் கடலால் எடுத்துச் செல்லப்பட்டமை உண்மையென உறுதிப்படுத்துகிறேன்’ என்று அழகான கையெழுத்தில் எழுதித் தந்து, முத்திரையும் கடலில் போய்விட்டது, குறை நினைக்க வேண்டாம் என்றார். முத்திரை இல்லாத கடிதம் செல்லாது என்று மேற்பார்வையாளர் திருப்பித் தந்தார்.

கடைசியில் நூலகத்தில் உட்கார்ந்து நுளம்புகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்துப் பட்டம் வாங்கினேன். அந்தக் கட்டுரைக்காக நான் ஒரு நுளம்பையும் பார்க்கவில்லை. அதனால் அதில் அவதானிப்புப் பிழை எதுவும் இருக்கவில்லை.

அந்த வருடம் ஊருக்குள் உதவி நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் நிறைந்திருந்தன. ஆங்கிலம் தெரிந்ததால் எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. முகாமில் பெண்களை வட்டமாக இருத்தி, மனவடு ஆறுவதற்குப் பூப்படத்துக்கு நிறம் தீட்டச் சொன்ன ஒரு வகுப்பு நினைவிருக்கிறது. நடத்திய பெண் நல்லவள், முந்தைய கிழமைதான் இலங்கைக்கு வந்திருந்தாள். மாமி மெழுகுப் பென்சிலைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார், "எனக்கு ஒரு மம்பட்டி தரச் சொல்லு. பூவ நான் நட்டுக்கிறன்." அந்தப் பெண் ஆவலோடு என்னைப் பார்த்தாள். மாமி நன்றி சொல்கிறார் என்று மொழிபெயர்த்தேன். அதற்காக இன்றும் எனக்கு என்மேல் கோபம் உண்டு. மம்பட்டியை நான் வாங்கிக் கொடுத்தேன்.

மாமி வளவுக்குத் திரும்பியபோது குட்டையில் பாதி கடல் மணல், நடுவில் யாருடையதோ ஒரு குளிர்சாதனப் பெட்டி. தண்ணீர் உப்பு. தவளை இல்லை, தும்பி இல்லை. இரண்டு மாரி பெய்த பிறகு உப்புக் கழுவப்பட்டது. செடி முளைத்தது. நான் அப்போது செங்கலடியில் விஞ்ஞான ஆசிரியை. ஒரு சனிக்கிழமை மாமி தகவல் அனுப்பினார், உன்ட ஆக்கள் வந்திரிக்காங்க என்று.

வந்தவர்கள் வாவிக்கு அப்பாலிருந்து காற்றில் வந்தவர்களாக இருக்க வேண்டும், ஏனென்றால் பெண்களில் அநேகமாக எல்லோரும் நீலம். முன்பு மண்ணிறக்காரிகள் நிறைந்திருந்த அதே குட்டையில் இப்போது அவர்களைத் தேட வேண்டியிருந்தது. நான் செய்ய நினைத்தாலும் செய்திருக்க முடியாத பரிசோதனையை யாரோ செய்து வைத்திருந்தார்கள். அப்படி நினைத்ததற்கு உடனே வெட்கப்பட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே ஈர்க்கிலும் பசையும் எடுத்து வந்தேன். ஆண்கள் நீலக்காரிமீது பாய்ந்தார்கள். மிஞ்சியிருந்த சில மண்ணிறக்காரிகள் யாருடைய தொல்லையும் இல்லாமல் முட்டையிட்டார்கள்.

முதுகலைக்குப் பதிந்தேன். பூச்சிக்கு வேறு ஆள் இல்லாததால் அதே மேற்பார்வையாளர். அதற்குள் சண்டை மறுபடி தொடங்கிவிட்டது. பாதை நின்றது. படுவான்கரைச் சனம் சட்டி பானையோடு இந்தக் கரைக்கு வந்து மரங்களுக்குக் கீழே இருந்தார்கள். ஷெல் தலைக்கு மேலால் மேற்கே போகும். நான் குட்டைக் கரையில் குப்புற விழுந்து, சத்தம் போனதும் எழும்பி, விட்ட இடத்திலிருந்து எண்ணுவேன். வளையமாகத் தொங்கிய சோடி ஒன்றுகூடப் பிடியை விட்டதில்லை. கொப்பிகளை இந்த முறை இரண்டிரண்டாக எழுதினேன், ஒன்று செங்கலடியில், ஒன்று மாமியிடம். ஊசித்தும்பியின் ஆயுள் சில கிழமைகள்தான். அதனால் தலைமுறைகள் சீக்கிரம் மாறின. மண்ணிறக்காரிகள் கூடிக்கூடி வந்தார்கள். கூடியதும் ஆண்கள் அவர்களைத் துரத்தத் தொடங்கினார்கள். வடக்கில் எல்லாம் முடிந்து, சந்தியில் வெடி கொளுத்தி, எங்கள் பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றச் சொன்ன அந்த வைகாசியில் என் குட்டையில் இரண்டு நிறமும் ஏறக்குறையச் சமமாக இருந்தன.

ஆய்வேட்டைக் கொடுத்தேன். ஆங்கிலத் தலைப்பிலிருந்த புணர்ச்சி என்ற சொல்லை மேற்பார்வையாளர் எடுத்துவிட்டு ‘சமூக நடத்தை’ என்று போட்டார். வாய்மொழிப் பரீட்சையில் வெளியிலிருந்து வந்த பரீட்சகர், நீலப் பெண்களை முதலில் யார் கவனித்தது என்று கேட்டார். நான் மாமியைச் சொல்ல வாய் எடுப்பதற்குள், எங்கள் குழு கவனித்தது என்று மேற்பார்வையாளர் சொன்னார். அடுத்த வருடம் கொழும்பில் ஒரு மாநாட்டில் அவர் தனியாகவே போய்ப் படங்களுடன் பேசினார். படங்கள் நான் எடுத்தவை. முட்டைபோடும் நீலக்காரியின் படத்தில் ஓரமாக மாமியின் வாளி தெரியும்.

அதே காலத்தில் கடல் கொண்டுபோனவர்களுக்கு நினைவுத் தூண் எழுப்ப இடம் தேடினார்கள். ஊரில் எத்தனையோ வெறும் வளவுகள் கிடந்தன, ஆனால் றோட்டிலிருந்து தெரிய வேண்டும் என்று குட்டையின் பாதியை மண் போட்டு நிரப்பினார்கள். நான் ஒரு கடிதம் எழுதினேன். பூச்சிகளைவிட மக்களே முக்கியம் என்று பதில் வந்தது. அடிக்கல் நாட்ட ஒரு பிரமுகர் வந்தார். பாதிக்கப்பட்ட பெண் ஒருவர் மாலை போட வேண்டும் என்று மாமியைக் கூப்பிட்டார்கள். மாமி தோய்த்த சேலை உடுத்திப் போய் மாலையைப் போட்டார், ஆனால் மேடையை விட்டு இறங்கவில்லை. அவருடைய புருஷனைத் தொண்ணூறாம் ஆண்டு வீட்டு வாசலில் வைத்து வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து தகவல் இல்லை.

"கடல் கொண்டுபோன ஆக்களுக்குத் தூண் வெக்கிறீங்க," என்றார் மாமி, சந்தையில் விலை கேட்பதுபோல அமைதியாக. "வான்ல கொண்டுபோன ஆக்களுக்கு எங்க வெப்பீங்க?"

பிரமுகர் சிரித்தபடியே, அம்மா ஒரு கடிதம் தாங்க, பார்ப்போம் என்றார்.

"கடிதம் குடுத்துக் குடுத்துத்தான் நான் எழுதவே பழகின நான்," என்று சொல்லிவிட்டு மாமி இறங்கி வந்தார். ஒலிபெருக்கிக்காரன் அவசரமாகப் பாட்டுப் போட்டான்.

அந்தப் பிரமுகர் பிறகு வரவில்லை, தூணும் இடுப்பளவுக்குமேல் உயரவில்லை. நான் வளாகத்தில் வேலைக்கு விண்ணப்பித்தேன், கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்திலேயே இருந்துவிட்டேன். அடுத்த மாரி முடிந்ததும் எஞ்சிய பாதிக் குட்டையைப் பார்க்கப் போனேன். யாரும் கேட்காத கணக்கு, எந்த ஆய்வுக்கும் இல்லை. மண்ணிறக்காரிகள் கொஞ்சம் கூடியிருந்தார்கள். ஆண்கள் முழுப்பேரும் அவர்களுக்குப் பின்னால் திரிந்தார்கள். முடியாத தூணின் கம்பியில் நீலக்காரி ஒருத்தி வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். மாமி கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து பக்கத்தில் குந்தினார். நான் சொல்லச் சொல்ல எண்ணிக்கையை அவர் எழுதினார்.